நிறை பார்த்து எடுத்த தோட்டா

பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிற தகப்பனுக்குக் கலியாணம் முடியும்வரை புத்தி லீவில் போய்விடும். இதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி செல்வி. அவள் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்ட ஆள் நான்.

மற்றத் தகப்பன்மார் மண்டபத்திலோ நகையிலோ புத்தியைத் தொலைப்பார்கள். நான் தொலைத்தது ஒரு வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவுக்குள். அதுவும் விரல் நீளத் தோட்டா. (இருந்த புத்திக்கு அந்த இடம் தாராளம் என்பாள் செல்வி.)

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரத்தில் இயந்திரப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு அளவு பார்க்கிற வேலை. பாகம் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் குணம் தொழிற்சாலையிலேயே நின்றுவிட்டால் நல்லது. நிற்காது. என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். செல்வி சுட்ட வடையின் நடு ஓட்டையை ஒருமுறை அளவுமானியால் அளந்து, “ஒண்டும் ஒண்டைப் போலை இல்லை” என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கன நாளாக எங்கள் வீட்டில் வடை இல்லை.

வேட்டைப் பழக்கமும் தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்டதுதான். கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து படித்துப் பரீட்சை எழுதி, பொலிஸ் அனுமதி எடுத்து, ஒரு துப்பாக்கியும் வாங்கினேன். பிறகு தோட்டாவையும் நானே நிரப்பத் தொடங்கினேன். ஒருமுறை வெடித்த தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதை எடுத்து, அடியில் பொறி கிளப்புகிற புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, மேலே குண்டை இறுக்குகிற வேலை. எல்லாமே அளவு. என்னைப் போன்ற ஒருவனுக்கு இது சொர்க்கம். சுடுகளத்தில் கடதாசி இலக்கை நன்றாகவே சுடுவேன். கடதாசி ஓடாது, திரும்பிப் பார்க்காது. மானை மட்டும் அதுவரை சுட்டதில்லை.

இந்த நேரத்தில் எங்கள் மகள் ரூத் மிக்கெலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல பிள்ளை, டேனிஷ்காரன். சோற்றை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான், அதனால் செல்விக்கு அன்றைக்கே பிடித்துப்போனது. அவன் தகப்பன் யென்ஸ், தாய் உல்லா. ஊருக்கு வெளியே பண்ணை, பண்ணை முடிகிற இடத்தில் சொந்தமாக ஒரு துண்டுக் காடு. இரண்டு பேரும் பரம்பரை வேட்டைக்காரர். நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

டேனிஷில் எல்லோருக்கும் ஒரே ‘நீ’. ராணிக்கு என்ன சொல்வார்களோ தெரியாது, சம்பந்திக்கு ‘நீ’தான். எனக்கு அது காதுக்குள் இறங்காது. ஆகவே யென்ஸ் பேசுவதை மனதுக்குள் தமிழாக்கி, ‘நீங்கள்’ போட்டுத்தான் கேட்பேன். இங்கேயும் அப்படித்தான் எழுதப் போகிறேன்.

செல்வியின் ரசத்தை ரசித்துக் குடித்துக்கொண்டே யென்ஸ் கேட்டார்: “கலியாணத்துக்கு முதல் நாள் உங்கள் வீட்டில் விருந்து என்றீர்களே, நான் ஒரு மான் கொண்டுவரட்டுமா? ஆண்மான் வேட்டை தொடங்குகிற நாளும் அதற்கு முந்தின நாள்தான்.”

நல்ல மனிதன் நல்ல மனதோடு கேட்ட கேள்வி. எனக்கோ சுருக்கென்றது. விருந்து பெண் வீட்டில். மாப்பிள்ளை வீட்டுக்காரன் இறைச்சி சுமந்துகொண்டு வர, பெண் வீட்டுக்காரன் சட்டியை நீட்டிக்கொண்டு நிற்பதா?

“வேண்டாம்” என்றேன். “மான் என் பொறுப்பு. உங்கள் காட்டில் இடம் மட்டும் தாருங்கள். நானே சுடுவேன். ஒரே வெடி.”

“நை, ஃபா!” என்றாள் ரூத். ‘வேண்டாம் அப்பா’ என்பதற்கு டேனிஷ். அவளுக்கு என்னை இருபத்தைந்து வருடமாகத் தெரியும்.

யென்ஸ் சிரித்து என் கையைக் குலுக்கினார். கை குலுக்கினால் இந்த நாட்டில் அது முடிந்த விஷயம். மான் கிடைக்காவிட்டால் என் மகளின் விருந்தில் நான் சொன்ன சொல் எல்லோருக்கும் முன்னால் வெறும் தட்டாகக் கிடக்கும். செல்வி மேசைக்குக் கீழே என் காலில் மிதித்தாள். காலம் கடந்த மிதி.

பழைய தோட்டா இருந்திருந்தால் பயமில்லை. ஆனால் டென்மார்க்கில் வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டார்கள், இனிச் செம்புக் குண்டுதான். வருடக் கணக்காக நான் பழக்கி வைத்திருந்த கணக்கெல்லாம் குப்பைக்குப் போனது. செம்பு ஈயத்தை விட இலேசு, குணமும் வேறு. முதல் நாள் சுடுகளத்தில் நூறு மீட்டரில் நான் சுட்ட துளைகளை மறைக்க ஓர் அகலமான சாப்பாட்டுக் கோப்பை வேண்டியிருந்தது.

விடுவேனா? குளிர்காலம் முழுக்க வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டிலுக்குப் போனேன். மருந்தை ஒரு சிட்டிகை கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். குண்டைக் கோதுக்குள் இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன், ஏற்றிப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சுடுகளம். கோப்பை தேநீர்த் தட்டானது. தட்டு ஒரு பிஸ்கட் அளவானது. கோடை நெருங்கியபோது துளைகள் எல்லாம் நடுவில் ஓட்டையுள்ள ஓர் ஐந்து குரோன் காசுக்குள் மறைந்தன. அந்தக் கடதாசியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். சபையிலிருந்து வந்த பாஸ்டர் அதைப் பார்த்து எதுவும் கேட்காமல் ஜெபித்துவிட்டுப் போனார்.

அதோடு நின்றிருக்கலாம். நின்றிருந்தால் இதை நான் எழுதத் தேவையில்லை.

கலியாண வாரம் செல்வி பன்னீர்ச் செம்பை எடுத்துப் பழப்புளி போட்டுத் தேய்த்தாள். கறுத்துக் கிடந்த பித்தளை, கை வைத்த இடமெல்லாம் பொன் மாதிரி மின்னியது. என் தோட்டாக் கோதுகளோ வெடித்து வெடித்துப் புகை பிடித்துக் கிடந்தன. இவற்றையா சம்பந்தி முன்னால் சட்டைப் பையிலிருந்து எடுப்பது? அதோடு கோது சுத்தமாக இருந்தால் வெடி இன்னும் ஒரே சீராக இருக்கும் என்றும் எனக்கு நானே ஒரு விஞ்ஞானம் சொல்லிக்கொண்டேன். கோது கழுவுகிற இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன், அது வந்து சேரவில்லை. பித்தளை பித்தளைதானே?

செல்வி பாட்டுப் பயிற்சிக்குச் சபைக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய கிரைண்டரைத் திறந்தேன். தோசைக்கும் வடைக்கும் அரைக்க ஊரிலிருந்து வரவழைத்த கிரைண்டர். கல்லைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கோதுகளைக் கொட்டினேன். பழப்புளி, கல் உப்பு, சுடுதண்ணீர். பொத்தானை அமத்தினேன். ஐயோ, அந்தக் கலகலச் சத்தம்! கழுவி எடுத்து, கேக் சுடுகிற அவன் அடுப்பில் மெல்லிய சூட்டில் காய வைத்தேன். ஒவ்வொன்றும் மோதிரம் மாதிரி வந்தது. கிரைண்டரையும் கழுவித் துடைத்துக் கல்லைத் திருப்பி வைத்துவிட்டேன். (களவு செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவன் நான்.)

இனித்தான் என் மூளை உச்சத்துக்குப் போன இடம். கோதுகளின் நிறை ஒன்றாக இருந்தால் வெடியும் ஒன்றாக இருக்கும் என்பது தோட்டா நிரப்புகிறவர்களின் கணக்கு. ஆகவே ஒவ்வொரு கோதையும் தராசில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோல இருந்தன, ஒரு சிலதைத் தவிர. அந்தச் சில கோதுகள் துளி பாரம் கூட. கூடின விதத்திலும் அவை தங்களுக்குள் ஒற்றுமை.

“ஆஹா, தடிச்ச பித்தளை!” என்றேன் தராசிடம்.

அந்தச் சிலதை மட்டும் தனியாக நிரப்பித் தனிப் பெட்டியில் வைத்தேன். பெட்டியின் மேல் ‘வேட்டைக்கு மட்டும்’ என்று எழுதினேன். மிச்சத்தைச் சுடுகளத்தில் சுட்டுப் பார்த்தேன். காசுக்குள்ளே, அதுவும் காசின் நடு ஓட்டைக்குப் பக்கத்திலே! சாதாரணமானதே இப்படியென்றால் தெரிந்தெடுத்தது எப்படி இருக்கும்? அன்றிரவு குழந்தை மாதிரித் தூங்கினேன்.

வேட்டை தொடங்குகிற நாள் விடியலுக்கு முன்பே பண்ணைக்குப் போய்விட்டேன். யென்ஸ் வாசலில் நின்றார். தோளில் துப்பாக்கி இல்லை.

“இன்று நாள் உங்களுடையது” என்றார். “நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். உங்கள் துப்பாக்கிக்குப் பொருந்துகிற கடைத் தோட்டா மேசை லாச்சிக்குள் ஒரு பெட்டி கிடக்கிறது. கைக்கு உதவியாக எடுத்து வைக்கிறீர்களா?”

“கடைத் தோட்டாவா?” என்றேன். கலியாண வீட்டில் கடைச் சாம்பார் வைக்கட்டுமா என்று கேட்டால் செல்வி எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தேன். பாவம் மனிதன், லாச்சியை மூடிவிட்டார்.

காட்டோரத்தில் மரத்தால் செய்த கோபுரம், இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு இருக்கலாம். முன்னால் பனி படர்ந்த புல்வெளி. வேட்டைக்காரர் ஒருவரை ஒருவர் வாழ்த்துகிற மாதிரி, “க்னெக் ஓ ப்ரெக்” என்று யென்ஸ் காதுக்குள் சொன்னார். வெளிச்சம் வந்தது. மானும் வந்தது.

நல்ல கொம்புள்ள ஆண்மான். காட்டை விட்டு வெளியே வந்து, கலியாணப் படம் பிடிக்க நிற்கிற மாப்பிள்ளை மாதிரி எங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றது. சுடுகளத்தை விடக் கிட்ட. யென்ஸ் தலையை ஆட்டினார். நான் மூச்சைப் பாதி விட்டேன். விசையை அமத்தினேன்.

“டுப்.”

மூடி போட்ட சட்டிக்குள் ஒரு கடுகு வெடித்தால் கேட்குமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான்.

மான் தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்தது. வெடிக்காத தோட்டாவை உடனே கழற்றக் கூடாது, குழாயை முன்னால் நீட்டியபடியே காத்திருக்க வேண்டும். அது விதி. விதியை மீறாதவன் நான். ஆகவே நானும் மானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்கு வேர்த்தது. அதற்கு வேர்க்கவில்லை. பிறகு அது குனிந்து புல் மேயத் தொடங்கியது.

யென்ஸ் தோட்டாவை எடுத்து, குழாய்க்குள் எதுவும் சிக்கவில்லையென்று வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்தார். இரண்டாவதைப் போட்டேன். மான் இன்னமும் அதே இடம், அதே பக்கவாட்டு. இப்படிப்பட்ட மான் எந்த வேட்டைக்காரனுக்கும் வாய்க்காது.

“டுப்.”

மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் பார்வை. மூன்றாவதுக்குக் கை போனபோது யென்ஸ் என் கையில் மெதுவாகத் தட்டினார்.

“நேசன்” என்றார், “அந்த மான் எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது.”

மான் நாய் மாதிரி ஒருமுறை குரைத்துவிட்டு, ஓடக்கூட இல்லை, நடந்து காட்டுக்குள் போனது.

பண்ணை வேலைக் கொட்டிலில் யென்ஸ் அந்தத் தோட்டாக்களில் ஒன்றைக் கழற்றினார். உல்லா காப்பியோடு வந்து நின்றார். மிக்கெலும் வந்தான். குண்டை இழுத்தெடுத்து மருந்தைக் கொட்டினார். மருந்து காய்ந்து நன்றாகத்தான் இருந்தது. கேப்பும் வெடித்துத்தான் இருந்தது. அப்படியானால் பொறி மருந்துக்குப் போகவில்லை. போகிற வழி கோதின் அடியிலுள்ள ஒரு சின்ன ஓட்டை. யென்ஸ் கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுக் கோதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். இருட்டு. ஊசியால் குத்தினார். மண்ணிறத்தில் கட்டியாகக் காய்ந்த ஒரு தும்பு வெளியே வந்தது.

அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். உல்லாவிடம் நீட்டினார். உல்லா மணந்து பார்த்தார். இரண்டு பேரும் யோசித்தார்கள்.

“இதை நான் எங்கேயோ மணந்திருக்கிறேன்” என்றார் யென்ஸ். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. “நிச்சயதார்த்தத்தன்று செல்வி தந்த சூப்!”

வயிற்றில் புளியைக் கரைத்தது என்று சொல்வோமே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நிறை கூடியது தடித்த பித்தளையால் அல்ல. பழப்புளித் தும்பு ஓட்டைக்குள் போய், அவன் அடுப்பில் காய்ந்து, சீமெந்து மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. என் தராசு பிழை விடவில்லை. பழுதான கோதுகளை ஒன்று விடாமல் அது காட்டித் தந்தது. தொழிற்சாலையில்கூட நான் பழுதை இவ்வளவு சுத்தமாகப் பிரித்தது கிடையாது. அங்கே பிரித்ததை எறிவேன், இங்கே வேட்டைக்குக் கொண்டுபோனேன். அது ஒன்றுதான் வித்தியாசம்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் அழவேண்டும் போல இருந்தது. நாளைக்கு விருந்து, சட்டி வெறுமை.

வீட்டுக்கு வந்தபோது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வாளி நிறைய உழுந்து ஊறிக்கொண்டிருந்தது. விருந்துக்கு வடை.

“மான் எங்கை?” என்றாள் செல்வி.

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கைத்துவாயில் கையை மெதுவாகத் துடைத்தாள்.

“இஞ்சாருங்கோ, பழப்புளி சரி. எதுக்குள்ளை போட்டு உருட்டினனீங்கள்?”

நான் கூரையைப் பார்த்தேன்.

“என்ரை கிரைண்டருக்குள்ளையோ?”

“கழுவி வைச்சனான்” என்றேன்.

“அந்தக் கோதிலை என்ன ஒட்டிக்கிடக்கும்?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தரம் பார்க்கிறவன் வாய் பழக்கத்தில் உண்மையைச் சொல்லிவிட்டது. “பழைய கேப்பிலை கொஞ்சம் ஈயம் இருக்கும்.”

“ஈயக் குண்டு கூடாது எண்டு நாட்டுக்கே சட்டம் போட்டிருக்கு. நீங்கள் அதைக் கொண்டந்து என்ரை உழுந்து அரைக்கிற கல்லுக்குள்ளையோ போட்டனீங்கள்?”

கிரைண்டர் அப்போதே கல்லோடு கொட்டிலுக்குப் போனது. வேறு யாரிடமாவது இரவல் கேட்போமா என்றேன். “கேட்டால் ஏன் எண்டு கேப்பினம். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் ஓல்போர்க்கிலை இருந்து ஒடென்சே வரைக்கும் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கெல்லாம் தெரிஞ்சிடும்” என்றாள். ஆகவே மிக்சியில் அரைத்தோம். ஒரு கால்வாசி உழுந்தோடு மிக்சி புகைவிட்டு நின்றது. செல்வி வாளிக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். மகளுடைய விருந்துக்கு வடை இல்லை, மான் இல்லை, காரணம் ஒரே ஆள். எனக்கு அந்த நேரம் என்னைப் பிடிக்கவே இல்லை.

ரூத் இதையெல்லாம் டேனிஷில் மிக்கெலுக்குத் தொலைபேசியில் சொன்னாள். (அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை தெரியாது.)

அடுத்த நாள் காலை வாசலில் யென்ஸின் வண்டி. உல்லா முதலில் இறங்கினார். கையில் உரித்து வெட்டிச் சுத்தம் செய்த மான் இறைச்சி. நேற்றுப் பின்னேரம் அதே புல்வெளியில், அதே மான், அதே பக்கவாட்டில் வந்து நின்றதாம். லாச்சிக்குள் கிடந்த கடைத் தோட்டாவில் ஒன்று. சுட்டவர் உல்லா, ஒரே வெடி.

யென்ஸ் தூக்கிக்கொண்டு வந்தது சொசேஜ் செய்ய இறைச்சி அரைக்கிற இயந்திரம். புதிது, பெட்டி உடைக்காதது. “இது உங்கள் பருப்பை அரைக்குமா?”

எனக்குத் தலை நிமிரவில்லை. “சம்பந்தி, மான் என் பொறுப்பு என்றேனே. மாப்பிள்ளை வீடு நீங்கள்…”

“நேசன்,” என்றார், “என் மகன் உங்கள் வீட்டுச் சோற்றில் நாலு கிலோ கூடிவிட்டான். ஒரு மான் திரும்பி வந்தால் என்ன?”

பெட்டியை நானே உடைத்தேன். எங்கள் குசினியில் உல்லா உழுந்தை இரண்டு தரம் அரைத்தார். மா கொஞ்சம் கொரகொரப்பு, ஆனால் வடை மொறுமொறுவென்று வந்தது. யென்ஸ் தானும் தட்டுவேன் என்று நின்று, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டி, “அளவு சரியா?” என்று கேட்டார். செல்வி அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தாள். இரவு மான் கறியும் வடையும் மிச்சமில்லாமல் முடிந்தது.

கலியாணத்தில் யென்ஸ் கண்ணாடிக் கோப்பையைத் தட்டி எழும்பினார். இந்த நாட்டுக் கலியாணத்தில் பேச்சுக்குத் தப்ப முடியாது. கதை முழுவதையும் நடித்துக் காட்டினார், அந்த ‘டுப்’ உட்பட. கடைசியில் எனக்கு ஒரு பரிசு: பலகையில் பதித்த மான் கொம்பு, அதற்குக் கீழே என் பளபளத்த தோட்டாக் கோது ஒன்று. அது இப்போது எங்கள் குசினியில், புதுக் கிரைண்டருக்கு நேர் மேலே தொங்குகிறது. இடம் தெரிந்தெடுத்தவள் செல்வி.

அடுத்த வருடம் அதே கோபுரத்தில், நானே நிரப்பிய தோட்டாவால், ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஊசி விட்டுப் பார்த்துவிட்டு, ஒரே வெடியில் ஒரு மான் சுட்டேன். அந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

சொல்கிற கதை மற்றதுதான். நான் கடையில் எடுத்து வந்த வத்தகப்பழம் வெட்டும்போது உள்ளே சிவப்பில்லாமல் வெளுத்திருந்தால், தெரிந்தெடுத்து வாங்கிய குடை முதல் காற்றிலேயே முறிந்தால், “நிறை பாத்தோ எடுத்தனீங்கள்?” என்று கேட்பார்கள். வேட்டை தொடங்குகிற நாள் விடியலில் யென்ஸிடமிருந்து ஒரு செய்தி வரும்: ‘புளி மறக்கவில்லையே?’

போன மாதம் ரூத்துக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தராசில் வைத்தபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். வேறு யார் நிற்பது? எண்ணைப் பார்த்ததும் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியளே, மற்றப் பிள்ளையளை விடத் துளி பாரம் கூட!” என்றேன் எல்லோருக்கும் கேட்க.

மிக்கெல் என் தோளில் கை வைத்தான். மூன்று வருடமாக ‘ஓம்’, ‘காணும்’, ‘இன்னும் கொஞ்சம் சோறு’ தவிரத் தமிழில் எதுவும் பேசாதவன், அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு முழு வசனம் சொன்னான்.

“மாமா, உள்ளுக்கை பழப்புளி இருக்கோ எண்டு பாருங்கோ.”

அந்த நேரம் பேத்தி வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்தினாள். பக்கத்து அறையிலிருந்து தாதி ஓடி வந்தாள். அடைப்பு ஒன்றும் இல்லை.